சிலை வாசிக்காத பாட்டு

பெண்ணின் தகப்பனாரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவன் சட்டையைப் பற்றி யோசிப்பான், செருப்பைப் பற்றி யோசிப்பான், வெறுங்கையோடு போகலாமா கூடாதா என்பதைப் பற்றி யோசிப்பான். எந்த நாற்காலியில் உட்காரவைப்பார்கள் என்பதைப் பற்றி யோசிக்கமாட்டான். கண்ணாடிக்கடைக்காரனும் யோசிக்கவில்லை. ஆகவே, பல் மருத்துவமனை ஒன்றின் உள்ளறையில், தலைக்கு மேலே வட்ட விளக்கும் இடக்கைப் பக்கம் எச்சில் துப்பும் கிண்ணமுமாகப் பாதி படுத்த நிலையில் அவன் கிடத்தப்பட்டபோது, வாயைத் திறக்கவேண்டுமோ என்ற ஐயமே முதலில் எழுந்தது.

"இப்ப திறக்க வேண்டாம்," என்றார் டாக்டர், அவன் தாடை அசைந்ததைக் கவனித்து. "கேள்வி கேட்டதும் திறந்தா போதும்."

அவமதிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. மற்ற நாற்காலிகளில் ஏற்கெனவே ஆள் இருந்தது: ஒன்றில் ஆம்ப்ளிஃபயர், ஒன்றில் கிட்டார்ப் பெட்டி, ஒன்றில் சுருட்டிய ஒயர்கள். வாரம் முழுவதும் பல் பிடுங்கும் அந்த இடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூவர் கொண்ட ராக் குழுவின் பயிற்சிக்கூடம். நான்கு கம்பிகளில் அடிநாதம் எழுப்பும் பாஸ் கிட்டார் டாக்டருடையது. நாளெல்லாம் பல் துளைக்கும் கருவியின் கீச்சொலியைக் கேட்கிறவனுக்கு மாலையில் கனமான நாதம் ஒன்று வேண்டியிருக்கிறது என்பது அவர் சொல்லும் காரணம். கிட்டாரும் பாட்டும் அவருடைய தங்கையின் பொறுப்பு. அந்த அம்மாள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர்; ஆதலால் எந்த அறையிலும் பக்கத்து இருக்கையிலிருந்து உத்தரவிடும் குரலிலேயே பேசுவார். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் டாக்டரின் மகள். பிசியோதெரபிஸ்டாகப் பிறர் முதுகுகளை மென்மையாக நீவிவிடும் அவளை வீட்டில் இடி என்று அழைத்தார்கள். காரணம் கேட்டவர்கள் அவள் வாசித்துக் கேட்டதில்லை என்று பொருள்.

கண்ணாடிக்கடைக்காரன் அவளைக் கட்டிக்கொள்ள விரும்பினான். அவளுக்கும் அதில் மறுப்பில்லை. அவர்கள் பழகியதே டிரம்ஸால்தான். வேகமான பாட்டுகளில் அவள் கண்ணாடி மூக்கிலிருந்து பறந்துபோய் விழும். ஒருமுறை அதன் மேலேயே குச்சி இறங்கிவிட்டது. உடைந்த சட்டத்தோடு கடைக்கு வந்தவளுக்கு அவன் காதுக்குப் பின்னால் கவ்விக்கொள்ளும் புதுச் சட்டம் ஒன்றைச் செய்து கொடுத்து, "இனிமே தலைகீழா நின்னு வாசிச்சாலும் விழாது" என்றான். விழுந்தது. சரிசெய்ய வந்தாள். மறுபடியும் விழுந்தது. அவன் அவ்வளவு மோசமான தொழில்காரன் அல்லன் என்பதை இருவருமே அறிந்திருந்தார்கள். இருவருமே அதைச் சொல்லவில்லை.

குறுக்கே நின்றது ஒரே ஒரு கேள்வி.

"அப்பா வேற எதுவும் கேக்க மாட்டார்," என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். "வீடு இருக்கா, சொத்து இருக்கா, ஒண்ணும் கிடையாது. உனக்குப் பிடிச்ச பாஸ் பிளேயர் யாரு, ஏன்? அவ்வளவுதான்."

"பிடிக்காத பதிலைச் சொன்னா?"

"போன தடவை ஒருத்தர் வந்தார். 'பாஸா, பின்னாடி பூம் பூம்னு வருமே, அதுதானே?'ன்னார். அப்பா எழுந்து போய் அவர் கையில இருந்த டீயை வாங்கி உள்ள வச்சுட்டார்."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"நான் என்ன சொல்றது? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என் கால் விழற இடத்துல அவர் விரல் விழணும். மனஸ்தாபத்தோட வாசிச்சுப் பாரு, பாட்டு நொண்டும். அவர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற மாதிரி ஒருத்தரைக் கட்டிக்கிட்டா நான் டிரம்ஸை வித்துட வேண்டியதுதான். அது என்னால முடியாது. அதனால தயவுசெஞ்சு பதிலை ஒழுங்கா சொல்லிடு." போகும்போது வாசலில் திரும்பி, "இன்னொண்ணு. அவர் கண்ணாடி கோணல். அதைப் பத்தி மூச்சு விடாதே. எங்க பேச்சையே கேக்க மாட்டார்" என்றாள்.

அவன் ஒழுங்காகவே தயாரானான். லென்ஸின் ஓரத்தை மயிரிழை பிசகாமல் தேய்க்கிறவன் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. உலகத்துப் பாஸ்காரர்கள் யாருக்கும் அந்த வீட்டில் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான் என்பதால் முதலில் அவற்றைப் பாடம் செய்தான். 'கட்டைவிரல்' கம்பியை மீட்டுவதில்லை, அறைவார். அந்த அறையே பாதிப் பாட்டு. 'கஞ்சன்' மூன்றே சுரங்களை வைத்துக்கொண்டு பாட்டு முழுவதும் காலந்தள்ளுபவர். ஆனால் அந்த மூன்றும் விழுகிற இடத்தைப் பார்த்தால் நான்காவதற்கு வேலை இல்லை என்பது தெரியும். டிரம்ஸுக்கு இடம் விடத் தெரிந்த ஒரே மனிதர் என்பதால் இடி அவர் கட்சி. 'ரெட்டைமூளை' வாயால் ஒரு தாளத்தில் பாடிக்கொண்டே கையால் வேறொரு தாளத்தில் வாசிப்பவர். இரண்டும் எங்கேயும் முட்டிக்கொள்ளா. இடியின் அத்தை அவர் கட்சி. டாக்டரின் தெய்வம் 'சிலை'. குழுவினர் மேடையில் குதித்துப் புரள்கையில் சிலை மட்டும் ஆணி அடித்தாற்போல் ஓரிடத்தில் நிற்பார், அசைவன விரல்களே. அவருடைய குழு போட்ட பழைய ரெக்கார்டுகளுள் சிவப்பு அட்டை போட்டது ஒன்று. அதில் நான்காவது பாட்டே பாஸ் வாசிப்பின் உச்சம் என்பது டாக்டரின் தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

ஆகவே கண்ணாடிக்கடைக்காரன் அந்த ரெக்கார்டின் பாட்டுகளை ஃபோனில் ஏற்றிக்கொண்டு, கடையில் லென்ஸ் தேய்த்தபடியே அன்றாடம் கேட்டான். மற்ற பாட்டுகளில் சிலையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அடியில் உருண்டோடும் நாதம் எதுவோ அதுவே அவர். நான்காவதில் மட்டும் ஆளைக் காணவில்லை. குரல் இருந்தது, டிரம்ஸ் இருந்தது, வெட்டி வெட்டி வாசிக்கும் கிட்டார் ஒன்று இருந்தது. பாஸ் இல்லை. திரும்பக் கேட்டான். இல்லை. இணையத்தில் தேடினான். 'இந்தப் பாட்டில் அந்த மனிதர் செய்திருப்பதைக் கேட்டபின் என் பாஸை விற்றுவிட்டேன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'இதைச் செய்ய வேறு எவருக்கும் துணிச்சல் வராது' என்று இன்னொருவர்.

அப்போதுதான் பொறி தட்டியது. அந்த மனிதர் வாசிக்கவே இல்லை! தம் குழுவின் தலைசிறந்த பாட்டில், தோளில் வாத்தியத்தை மாட்டிக்கொண்டு, கம்பியைத் தொடாமல் நிற்கிறார். துணிச்சல்தான், வேறு எவருக்கும் வராதுதான். இதை யாருமே வெளிப்படையாக எழுதாததை ரசிகர்களின் நாகரிகம் என்று எடுத்துக்கொண்டான். தான் கண்டுபிடித்ததை இடியிடம்கூடச் சொல்லவில்லை. பரீட்சையில் முதலிடம் வாங்கப்போகிறவன் பக்கத்து மேசைக்கு விடையைக் காட்டுவதில்லை.

இப்போது டாக்டர் விளக்குக்கும் அவனுக்கும் நடுவே குனிந்தார். அவருடைய கண்ணாடியின் வலப்புறம் இடப்புறத்தைவிட நன்றாகவே இறங்கியிருந்தது; ஒரு கண் லென்ஸின் நடுவிலும் மற்றொன்று அதன் மேல்விளிம்பிலும் இருந்தன. கண்ணாடிக்கடைக்காரனின் விரல்கள் துடித்தன. அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"சொல்லுங்க தம்பி. பிடிச்ச பாஸ் பிளேயர் யாரு?"

"சிலை, சார்."

டாக்டரின் முகம் மலரவில்லை. "இடி சொல்லிக்குடுத்தாளா?"

"பட்டப்பேர் மட்டும்தான் அவ சொன்னா. காரணம் என்னுது."

"அண்ணா, கிளட்ச்சை மெதுவா விடு," என்றார் அத்தை, கிட்டாருக்குச் சுருதி சேர்த்தபடி. "பையன் இப்பத்தான் வண்டியில ஏறியிருக்கான்."

"காரணத்தைச் சொல்லட்டும்."

"வேகமா வாசிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க சார். கட்டைவிரல் அறையிற மாதிரி அறையிறதுக்கும் ஆள் இருக்கு. ஆனா சிலை பண்ணினதை யாரும் பண்ணல. சிவப்பு அட்டை, நாலாவது பாட்டு."

டாக்டர் நிமிர்ந்தார். அவர் கண்களில் ஈரம் போன்ற ஒன்று தென்பட்டது. டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து இடி ஒரு பெருமூச்சை வெளியேவிட்டாள். அவன் அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை.

"அதுல அவர் ஒரு சுரம்கூட வாசிக்கல பாருங்க," என்றான் அவன். "ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கம்பியையே தொடல. அந்தத் தன்னடக்கம் வேற யாருக்கு சார் வரும்?"

டிரம்ஸ் குச்சி ஒன்று தரையில் விழுந்து, உருண்டு, நாற்காலியின் காலில் முட்டி நின்றது.

"என்னது?" என்றார் டாக்டர்.

"பாட்டு முழுக்கச் சும்மா இருக்கார் சார். அதுதான் சிறப்பு."

அத்தைதான் முதலில் சிரித்தார். சிரிப்பு அடங்காமல் ஆம்ப்ளிஃபயரைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, உன் தெய்வத்துக்கு ஒரே வரியில லீவு குடுத்து அனுப்பிட்டான்!" என்றார்.

டாக்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. "கிண்டல் பண்றீங்களா?"

"சத்தியமா இல்ல சார். தினமும் கேட்டிருக்கேன். பாஸ் இல்ல."

"அப்பா, அவர் என்ன சொல்ல வர்றார்னா..." என்று தொடங்கிய இடிக்கு அவன் என்ன சொல்ல வருகிறான் என்பது தெரியாததால் வாக்கியம் அங்கேயே நின்றது.

"இந்த விரலைப் பாருங்க." டாக்டர் காய்த்துப்போன சுட்டுவிரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். "அந்த நாலாவது பாட்டு கத்துக்கிட்டதுல வந்தது இது. இவ பொறக்கறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சேன். இவ ஸ்கூல் போற வரைக்கும் சரியா வரல. அந்த மனுஷன் அதுல எங்கயும் மூச்சே வாங்கல, ஓடிக்கிட்டே இருக்கார். நீங்க அவர் சும்மா இருக்கார்ங்கிறீங்க. டீ குடிச்சாச்சா?"

"இன்னும் குடிக்கல சார்," என்றான் அவன், பக்கத்து மேசையில் ஆவி பறந்த டம்ளரைப் பார்த்து.

"குடிக்க வேண்டாம்."

தான் பலமுறை சரிபார்த்த ஒன்றைப் பயத்தினால் விட்டுக்கொடுப்பது கண்ணாடிக்கடைக்காரனின் தொழிலில் வழக்கமில்லை. "ஒருதடவை போட்டுக் காட்டுங்க சார்," என்றான் படுத்தவாறே. "இருந்தா நான் எழுந்து போயிடறேன்."

"போயிடறானாம்! நீ போடு அந்த ரெக்கார்டை," என்றார் டாக்டர் தங்கையிடம்.

நாற்காலியின் இருபுறமும் சுவரில் ஒவ்வொரு ஸ்பீக்கர் இருந்தது. நோயாளிகள் துளைக்கும் சத்தத்தை மறப்பதற்காக என்று சொல்லித் தாம் மறப்பதற்காக டாக்டர் பொருத்தியவை. அத்தை ரெக்கார்டு பிளேயரின் முள்ளை நான்காவது பாட்டில் இறக்கினார்.

இடப்பக்க ஸ்பீக்கரிலிருந்து அவனுக்குத் தெரிந்த பாட்டு வந்தது: அதே குரல், அதே டிரம்ஸ், வெட்டி வெட்டி வாசிக்கும் அதே கிட்டார். வலப்பக்க ஸ்பீக்கரிலிருந்து, அவனுக்கு அறிமுகமே இல்லாத ஒருவர் வந்தார். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்குவதுபோல் தொடங்கி, நடுவில் திரும்பி இரண்டிரண்டு படியாக ஏறி, பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் எட்டிப்பார்த்து, அவர் பாடத் தொடங்குமுன் தம் இடத்துக்குத் திரும்பியிருந்தார். எங்கும் அவசரமில்லை, எங்கும் நிற்கவுமில்லை. கண்ணாடிக்கடைக்காரன் நாற்காலியிலிருந்து எழுந்து, வலப்பக்க ஸ்பீக்கர் வரை போய், அதன் மேல் கையை வைத்தான்.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார் அத்தை.

"இவர் இந்தப் பக்கம் இருந்திருக்கார்," என்றான் அவன். 

பிறகு சட்டைப்பையிலிருந்து தன் இயர்ஃபோனை எடுத்து நீட்டினான். அதற்கு இடது காதுக்கான துண்டு மட்டுமே இருந்தது. வலதின் ஒயர் பாதியில் வெட்டப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருந்தது.

"லென்ஸ் தெறிக்கிறதுக்கு முன்னாடி மெஷின் சத்தம் மாறும் சார். அதுக்காக வலது காதை எப்பவும் காலியா வச்சிருப்பேன். அந்த ஒயர் தொங்கித் தொங்கி சக்கரத்துல மாட்டுச்சு. வெட்டிட்டேன்."

இடி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று அவன் பதறிய நொடியில் அவள் விக்கிக்கொண்டே, "தன்னடக்கமாம்!" என்றாள்.

"சைடு கண்ணாடியைப் பாக்காமயே ஊரெல்லாம் ஓட்டியிருக்கான்," என்றார் அத்தை. "அதுவும் கண்ணாடிக்கடை வச்சுக்கிட்டு."

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் காலத்துல சில பாட்டை அப்படிப் பதிவு பண்ணுவாங்க," என்றார், நோயாளிக்கு எக்ஸ்ரேயை விளக்கும் குரலில். "ஒரு வாத்தியத்தைத் தூக்கி முழுசா ஒரு பக்கத்துல வச்சிடுவாங்க. இந்தப் பாட்டுல சிலை மொத்தமும் வலது."

"நான் கிளம்பறேன் சார்."

"நில்லுங்க." அவர் இயர்ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, இடது பக்கத்துல என்ன இருக்கு?"

அது அவரே தம்மிடம் கேட்டுக்கொண்ட கேள்வி. ஆயுளில் பாதியை அந்தப் பாட்டோடு கழித்தவர் அந்த ஒற்றைத் துண்டை வாங்கி இடது காதில் செருகி, வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். கண்ணாடி இன்னும் கொஞ்சம் சரிந்தது. கண்ணாடிக்கடைக்காரன் ஃபோனில் பாட்டை ஓடவிட்டு, வேறு திசையில் பார்த்தான்.

பாட்டு முடியும்வரை டாக்டர் அசையவில்லை. பின்பு, "இடையில யாரோ கிட்டார்ல வெட்டி வெட்டி ஒண்ணு வாசிக்கிறாங்களே," என்றார் மெதுவாக. "ரொம்ப அழகா இருக்கு. யாரு அது?"

அத்தை கிட்டாரைக் கீழே வைத்தார். "அதைத்தான் நான் வாசிக்கிறேன்."

"எப்போலேர்ந்து?"

"எப்போலேர்ந்தா? வாராவாரம், உன் பக்கத்துல நின்னுக்கிட்டு! இதை எடுக்கறதுக்கு எனக்கு எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா?"

"கேட்டதே இல்லையே."

"எப்படிக் கேக்கும்? உன் காதுல இருக்கறது நாலு கம்பி. நான் பக்கத்துல நின்னு ஹாரன் அடிச்சாலும் நீ திரும்ப மாட்டே."

டாக்டர் இயர்ஃபோனைக் கழற்றிக் கண்ணாடிக்கடைக்காரனிடம் கொடுத்தார். மன்னிப்பு என்று அதில் எதுவும் இல்லை. தண்டனை என்றும் எதுவும் இல்லை. "உக்காருங்க," என்றார். அவன் மீண்டும் சாய்ந்து கிடந்தான். அவர் பாஸை மாட்டிக்கொண்டார். "இடி. நாலாவது."

அவள் குச்சியைப் பொறுக்கிக்கொண்டு எண்ணினாள். மூவரும் தொடங்கினார்கள். கண்ணாடிக்கடைக்காரன் முதன்முறையாக இரண்டு காதுகளோடு அந்தப் பாட்டுக்குள் இருந்தான். நாற்காலியின் முதுகுப்பகுதி அவன் விலா வரை அதிர்ந்தது. தட்டிலிருந்த சிறு கண்ணாடிகளும் கொக்கிகளும் கிணுகிணுத்தன. எச்சில் கிண்ணத்து நீரில் வட்டங்கள் எழுந்தன.

பாதியில் டாக்டர் நிறுத்திவிட்டார். விரல்களைக் கம்பியிலிருந்து எடுத்து, தலையைத் தங்கையின் பக்கம் சாய்த்து, இத்தனை காலம் கேட்காததைக் கேட்கத் தொடங்கினார். அத்தை அதைக் கண்டு இன்னும் நறுக்குத் தெறித்தாற்போல் வாசித்தார். பாட்டு நன்றாகவே ஓடியது. ஆனால் நாற்காலியில் கிடந்தவனுக்கு அடியிலிருந்து ஏதோ உருவப்பட்டதுபோல் இருந்தது. தட்டு அடங்கிவிட்டது. கிண்ணத்து நீர் அசையாமல் இருந்தது. குரலும் கிட்டாரும் டிரம்ஸும் தரை இல்லாத வீட்டில் சாமான்கள் மிதப்பதுபோல் மிதந்தன.

"சார்!" என்று அவன் கத்தினான், தன்னையறியாமல். "எங்க போயிட்டீங்க?"

மூவரும் நின்றார்கள்.

"இங்கதான் இருக்கேன்," என்றார் டாக்டர். "சும்மா இருந்தேன். அதுதானே சிறப்பு?"

"சிலை சும்மா இருந்தா இருக்கட்டும் சார். நீங்க இருக்காதீங்க."

டாக்டர் அவனைப் பார்த்தார். முதலில் மீசை அசைந்தது, பிறகு தோள், பிறகு பாஸின் கம்பிகளே அதிரும்படி சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கோத்துக்கொள்ள, கண்ணாடியைக் கழற்றி ஒரு கையில் பிடித்தபடி மறு கையால் கண்ணைத் துடைத்தார்.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கண்ணாடிக்கடைக்காரன் எழுந்து அவர் கையிலிருந்து அதை எடுத்தான். வலப்புறக் கம்பை இரு விரல்களுக்கு நடுவே வைத்து, உடைப்பதுபோல் தோன்றும் ஆனால் உடைக்காத அளவுக்கு வளைத்தான். மூக்குப்பட்டையைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினான். வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு அவர் காதுகளில் மாட்டிவிட்டான். டிரம்ஸுக்குப் பின்னால் இடி கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் பாஸின் நீண்ட கழுத்தைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். மறுபடியும் பாஸைப் பார்த்தார்.

"உங்களை யாரு கேட்டா இதை?"

"யாரும் கேக்கல சார்."

"பொண்ணு கேட்டு வந்தீங்களா, ரிப்பேருக்கு வந்தீங்களா?"

"பொண்ணு கேட்டுத்தான் சார் வந்தேன். இது தாங்கல."

"கம்பி எல்லாம் நேரா இருக்கு," என்றார் டாக்டர், யாரிடம் என்றில்லாமல். பிறகு அத்தையிடம், "அவருக்கு அந்த டீயைக் குடு. ஆறிப்போயிருந்தா வேற போட்டுக் குடு" என்றார்.

"நான் பாடகி," என்றார் அத்தை. "டீ வேணும்னா மாப்பிள்ளையே போட்டுக்கட்டும். இனிமே எப்படியும் வாராவாரம் வரத்தானே போறார்."

டாக்டர் அந்தச் சொல்லை மறுக்கவில்லை. மறுக்கிறாரா என்று மூவரும் காத்திருந்தார்கள். அவர் ஆம்ப்ளிஃபயரின் திருகை ஒரு பல் கூட்டி வைத்துவிட்டு, "முதல்லேர்ந்து," என்றார். "இந்தத் தடவை நான் கொஞ்சம் தங்கச்சியையும் கேட்டுக்கிட்டே வாசிக்கப் போறேன். தப்பு வந்தா மன்னிக்கணும். இடி, எண்ணு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டே எண்ணினாள். நான்கு என்னுமுன் அவள் கண்ணாடி பறந்து வந்து கண்ணாடிக்கடைக்காரனின் மடியில் விழுந்தது.